நாடகத்தின் மேல் நாங்கள் போட்ட மனு

அன்று செவ்வாய்க்கிழமை. பஞ்சாயத்து ஆபீஸை ஒட்டிய டிவி அறையில் ஆண்கள் பெஞ்சிலும் பெண்கள் தரையிலுமாக உட்கார்ந்திருந்தோம். மரப்பெட்டிக்குள் கறுப்பு வெள்ளை டிவி. பெட்டிக்கு இரண்டு கதவு, ஒரு பூட்டு. சாவி தலைவர் வீட்டில் இருக்கும். பாதிப் பேர் கரும்புக் கொல்லையிலிருந்து நேராக வந்திருந்ததால் அறை முழுக்கச் சோகை, அதாவது காய்ந்த கரும்புத் தோகை வாசனை.

திரையில் ஒரு சோபா. பின்னால் ஒரு மாடிப்படி. அதில் யாரும் ஏறி நான் பார்த்ததில்லை. எஜமானர் செய்தித்தாளை மடித்துவிட்டு, “முனியம்மா! காபி!” என்று கூப்பிட்டார். கையில் துடைப்பத்தோடு வேலைக்காரி வந்தாள். “இன்னா எஜமான்?” என்றாள். டிவிக்குள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். அறையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

என் பெயர் முனியம்மாள்.

இது புதிதில்லை. வாராவாரம் நடப்பதுதான். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். அன்றைக்கு முடியவில்லை. எழுந்துபோய்ப் பெட்டியின் இரண்டு கதவையும் சாத்தினேன்.

“அடிங்க! இன்னாடி ஆச்சு உனுக்கு?” என்று பெஞ்சிலிருந்து ஒரு சத்தம். நான் கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். உள்ளே முனியம்மா பேசுவதும், அவர்கள் சிரிப்பதும் கேட்டுக்கொண்டே இருந்தது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அஞ்சலை அத்தை மட்டும் நிதானமாகச் சொன்னாள். “கதவ சாத்திட்டா ஆச்சா? அவங்க உள்ள பேசிக்கினுதான கீறாங்க.”

அத்தை எங்கள் எதிர்வீடு. கரும்பு வெட்டுகிற செட்டில் பெண்களுக்கெல்லாம் மேஸ்திரி. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் டிவி நாடகங்களை அவளைப் போல அறிந்தவர் தாலுகாவில் கிடையாது.

நெஞ்சைப் பிடிக்கும் நேரம்

அந்த நாடகங்களைப் பார்க்காத தலைமுறைக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டே வகை. சிரிக்க வைப்பது, அழ வைப்பது. இரண்டுக்கும் அதே சோபாதான்.

சிரிப்பு நாடகம் என்றால் ஆள் மாறாட்டம். பெண் பார்க்க வருகிறவரை ரேடியோ ரிப்பேர்காரர் என்று நினைப்பார்கள், ரிப்பேர்காரரை மாப்பிள்ளை என்று நினைப்பார்கள். அழுகை நாடகம் என்றால் பெரியவர் இருமுவார். மருமகள் முந்தானையால் வாயைப் பொத்துவாள். போன் மணி அடித்தால் கெட்ட செய்தி. முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது பெரியவர் நெஞ்சைப் பிடிப்பார். டாக்டர் பெட்டியோடு வந்து, “கவலைப்படும்படி ஒன்றுமில்லை” என்பார். கெட்டவன் காலில் விழுவான்.

அத்தை முன்கூட்டியே அறிவிப்பாள். “எல்லாம் பாத்துக்கோங்க, ஐயா இப்போ நெஞ்சப் புடிக்கப்போறாரு.” பிடிப்பார். ஒரு வாரம்கூட அவள் தவறியதில்லை.

நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் இதையெல்லாம் எழுதிவைத்தேன். சங்கராபுரத்தில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய் ஹையர் பாஸ் செய்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த நாட்கள் அவை. நேரம் இருந்தது. எத்தனை முறை போன், எத்தனை முறை நெஞ்சு, முனியம்மா எத்தனை முறை வந்தாள், வந்து என்ன சொன்னாள்.

திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருவது எனக்குக் கோபமில்லை. உப்பும் புளியும் தினம் ஒன்றுதான், அதற்காகக் குழம்பைக் கொட்டிவிடுகிறோமா? எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் கோமாளியான கட்டியக்காரன் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் வருவான். ஒரே தொப்பி, ஒரே குதி. ஆனால் அவன் ராஜாவைக் கிண்டல் செய்வான், முன்னால் உட்கார்ந்திருக்கும் நாட்டாமையையும் விடமாட்டான். சிரிப்பு மேலே போகும். டிவியில் அதே வேலையைச் செய்கிற முனியம்மாவின் தலையில்தான் சிரிப்பு வந்து விழும்.

நோட்டைப் புரட்டும்போது இன்னொன்றும் தெரிந்தது. அத்தனை நாடகத்திலும் ஒன்றில்கூட முனியம்மாவுக்கு வீடு இல்லை. குழந்தை இல்லை, காய்ச்சல் வந்ததில்லை, அவள் சாப்பிட்டாளா என்று ஒரு வாய் கேட்டதில்லை. வருவாள், எங்கள் ஊர்ப் பேச்சைப் பேசுவாள், சிரிப்பார்கள், காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். படித்த பெண், நல்ல பெண், காதலிக்கிற பெண் யாரும் அந்தப் பேச்சைப் பேச மாட்டார்கள்.

இன்றைக்கு வண்ணத்தில், தினம் தினம், வருஷக்கணக்கில் ஓடுகிற தொடர்களிலும் இதே கதைதான். சோபா பெரிதாகியிருக்கிறது. அவ்வளவே.

மலையிலிருந்து ஒரு கேள்வி

சடையனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் தேனும் கொண்டுவந்து சங்கராபுரம் சந்தையில் போடுகிறவர். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் எங்கள் ஊரில் தங்குவார். அப்படித் தங்கிய ஒரு நாள் டிவியில் மலைவாசிகள் வந்தார்கள். தலையில் இறகு, இடுப்பில் தழை, கையில் ஈட்டி. ஊளையிட்டுக்கொண்டு நெருப்பைச் சுற்றி ஆடினார்கள்.

சடையன் கண்கொட்டாமல் பார்த்தார். முடிந்ததும் மரியாதையாகக் கேட்டார். “இவங்க எந்த மலைங்க? எங்க பக்கம் இப்பிடி யாரும் இல்லீங்களே. தழைய கட்டிக்கினு முள்ளுல எப்பிடிங்க போவாங்க?”

அறை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்தக் கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டேன். நான் இன்றுவரை படித்த நாடக விமரிசனங்களில் அதைவிடச் சிறந்தது எதுவுமில்லை.

மூன்று பேர், ஒரு மேஜை

கதவைச் சாத்திய அந்தச் செவ்வாய்க்கு முந்தின வாரம் நான் பட்டணம் போயிருந்தேன். ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலைக்கு நேர்காணல். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் விடியற்காலை ஏறி, இஸ்திரி கலையாமல் இருக்க வழியெல்லாம் சாயாமலே உட்கார்ந்து போனேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். பெயர் கேட்டார்கள். சொன்னேன். ஒருவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள்.

“கரும்பு வெட்டறாருங்க. ஆலை ஓடாத நாள்ல இன்னா வேலை கெடச்சாலும் செய்வாருங்க.”

உதட்டைக் கடித்தவருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. “சார், நம்ம செவ்வாய்க்கிழமை முனியம்மாவே வந்துட்டா!” என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். கெட்ட மனிதர்கள் என்று சொல்ல மாட்டேன். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தப்பா எடுத்துக்காதம்மா” என்றுகூடச் சொன்னார். மெஷினில் என்னை உட்காரவைக்கவே இல்லை. என் விரல் எவ்வளவு வேகம் என்று அவர்களுக்குக் கடைசிவரை தெரியாது.

திரும்பி வரும்போது நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

மனு என்றால் மனு

கதவைச் சாத்திய மறுநாள் அத்தை வீட்டுக்கு வந்தாள். பட்டணத்தில் நடந்ததை அவளிடம் மட்டும் சொன்னேன். வெற்றிலையை மடித்து வாயில் போட்டாள்.

“மனு போடுடி” என்றாள்.

“யாருக்கு அத்தை?”

“டிவி பொட்டி குடுத்தது யாரு? சர்க்காரு. அதுல வர நாடகம் யாருது? அதுவும் சர்க்காருது. ரேஷன்ல புழுத்த அரிசி போட்டா எங்க மனு குடுக்கறோம்? தாலுகா ஆபீசுல. இதுவும் அங்கதான்.”

சிரிக்காதீர்கள். எங்களுக்குத் தெரிந்த சர்க்கார் தாலுகா ஆபீஸ்தான். பட்டாவா, பம்ப்செட்டா, சுடுகாட்டுப் பாதையா, எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கும். தொலைக்காட்சி நிலையம் என்ற ஒன்றுக்கு முகவரி உண்டு, கடிதம் போடலாம் என்பது டைப்பிங் ஹையர் பாஸ் செய்த எனக்கும் தோன்றவில்லை. மனு என்றால் வெள்ளைத்தாள், கோர்ட் ஸ்டாம்பு, பொருள், கீழே கைநாட்டு.

வாசகம் முழுவதும் என்னுடையது. “நாடகங்களில் வேலைக்காரியும் முட்டாளும் மட்டும் எங்கள் பேச்சைப் பேசுவது ஏன்? டாக்டரும் வாத்தியாரும் அதே பேச்சைப் பேசும்படி ஒரு நாடகமாவது போட வேண்டும். முனியம்மாவின் வீட்டையும் ஒருமுறை காட்ட வேண்டும். மலை ஜனங்களுக்கு இறகு கட்டக் கூடாது.” இப்படிப் போகும். இன்றைக்குப் படித்தாலும் ஒரு வரியைக்கூட மாற்ற மாட்டேன்.

ஒரு வரியைத் தவிர. மனுவை எப்படி முடிப்பது என்று தெரியாமல், முந்தின கோடையில் குடிதண்ணீருக்காக ஊரில் போட்ட மனுவின் நகலை எடுத்துப் பார்த்தேன். அதன் கடைசி வரியை அப்படியே டைப் அடித்துவிட்டேன். “தவறும் பட்சத்தில் ஊர்ப் பொதுமக்கள் அனைவரும் சாலை மறியலில் ஈடுபடுவோம் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.”

எங்கள் பக்கத்தில் எல்லா மனுவும் அப்படித்தான் முடியும். யாரும் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதில்லை. ஒரே அச்சில் வார்த்த நாடகங்களை நோட்டுப் போட்டுக் குறை சொன்னவள், தன் எழுத்தை ஒரே அச்சில் வார்த்த வரியால் முடித்தாள். இந்த முரணை அன்றைக்கு நான் உணரவில்லை.

நாற்பத்திரண்டு பெண்கள் கைநாட்டு வைத்தார்கள். சந்தைக்கு வந்த சடையனும் கேட்டு வாங்கி ஒரு ரேகை பதித்தார். கொண்டுபோய்க் கொடுத்து, சீல் வாங்கிக்கொண்டு வந்தோம்.

ரோட்டில் மரங்கள்

அடுத்த வாரம் ஊரே மாறிப்போயிற்று. படிப்பிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு கேட்டு நடந்த போராட்டம் வெடித்தது. சாலையோரப் புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே தள்ளினார்கள். பஸ் இல்லை, பால் வண்டி இல்லை, தபால் இல்லை. போலீஸ் வண்டிகள் மட்டும் வயல் வழியாக உறுமிக்கொண்டு வந்தன. எதிர்சாரியில் ஒரு பையனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் மறியலுக்குப் போனானா, வேடிக்கை பார்க்கப் போனானா என்று அவன் அம்மாவுக்கே தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து யாரோ எங்கள் மனுவைப் பிரித்திருக்கிறார்கள். நாற்பத்துமூன்று ரேகைகள். சாலை மறியல் என்று தெளிவாக டைப் அடித்த வரி. கீழே என் கையெழுத்து.

பஞ்சாயத்துத் தலைவர் சைக்கிளில் வந்து இறங்கினார். சட்டை நனைந்திருந்தது. “யாரக் கேட்டும்மா மனு குடுத்த? நீயும் அஞ்சலையும் நாளைக்கி தாலுகா ஆபீசு வரணுமாம். தெரியாம செஞ்சிட்டோம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடு. கேஸ் கீஸ் ஆச்சுன்னா ஆயுசுக்கும் சர்க்கார் வேலைக்கிப் போவ முடியாது, ஆமா.” போகும்போது டிவி பெட்டியையும் பூட்டிக்கொண்டு போனார்.

அம்மா அழுதாள். அப்பா, “எழுதிக் குடுத்துடு கண்ணு” என்றார். எனக்கும் பயம்தான். அதை மறைக்க ஒன்றுமில்லை. அப்பா சோகை கிழித்த கையோடு டைப்பிங் பீஸ் கட்டியது அந்த ஒரு வேலைக்காகத்தான்.

கூடத்தில் ஒரு நாடகம்

வெட்டிய மரங்களை ஏறி ஏறித் தாண்டி, அத்தையும் நானும் ஒன்பது மைல் நடந்து போனோம். விசாரித்த அதிகாரி வயதானவர், களைத்த முகம். அந்த வாரம் அவர் தூங்கியிருக்க மாட்டார். பக்கத்தில் ஒரு ஏட்டு நின்றுகொண்டிருந்தார்.

“எந்த நாடகம்? பெயர் என்ன? எந்தத் தேதி?” என்று கேட்டார் அதிகாரி.

அத்தை என்னைப் பார்த்தாள். “பேரெல்லாம் வேற வேறதாங்க. நாடகம் ஒண்ணுதான்.”

“விளையாடறீங்களா? நாடகம்னு வெளியில சொல்லிட்டு உள்ளுக்குள்ள மறியலுக்குக் கையெழுத்து வாங்கியிருக்கீங்க.”

“ஐயோ சாமி, சொன்னா வெளங்காதுங்க. செஞ்சி காட்டறோம்” என்றாள் அத்தை. அவர் வேண்டாம் என்பதற்குள் காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, மேஜையிலிருந்த ஒரு காகிதத்தைச் செய்தித்தாளாகப் பிரித்தாள். கால்மேல் கால் போட்டாள். மூக்கை உயர்த்தினாள். டிவியில் வரும் அதே வழுவழு குரலில், “முனியம்மா! காபி!” என்றாள்.

கூடத்திலிருந்த குமாஸ்தாக்கள் எழுந்து வந்தார்கள். ஏட்டு சிரிப்பை அடக்கினார். எஜமானர் அச்சு அசலாக வந்திருந்தார்.

நான் வாசற்படியில் நின்றேன். அடுத்து “இன்னா எஜமான்?” என்று துடைப்பத்தை ஆட்டிக்கொண்டு வர வேண்டும். சிரிக்க எல்லோரும் தயாராக இருந்தார்கள். உள்ளே போனேன்.

“ஏன் இவ்வளவு தாமதம்?” என்றாள் அத்தை.

“ரோடெல்லாம் மரம் கெடக்குதுங்க. பஸ் இல்ல. ஒம்போது மைல் நடந்து வரேன். எதிர்சாரிப் பையன போலீஸ் இட்டுக்கினு போயி நாலு நாளு ஆவுது. அவுங்கம்மா சோறு துன்னாம அழுதுக்கினு கீறாங்க. எங்கப்பா வாசல்லயே குந்திக்கினு கீறாரு, எனக்கு இன்னா ஆவுமோன்னு. இந்தாங்க, காபி ஆறிடும், குடிங்க.”

யாரும் சிரிக்கவில்லை. நான் நடிக்கவும் இல்லை. அதே பேச்சு, அதே பெயர். ஏட்டு குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். அத்தை எஜமானர் வேஷத்தை மறந்து மூக்கை உறிஞ்சினாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரிம்மா. நாடகம் புரியுது. கடைசி வரிக்கு என்ன சொல்றே?”

அது என் தப்பு என்று ஒப்புக்கொண்டேன். தண்ணீர் மனுவைப் பார்த்து டைப் அடித்ததைச் சொன்னேன். அவர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். ஏற்கெனவே எழுதிவைத்திருந்தது. அறியாமையால் கொடுத்துவிட்டோம், மன்னிக்கவும், மனுவைத் திரும்பப் பெறுகிறோம்.

“கையெழுத்துப் போட்டுட்டுப் போ. நானும் இதோட விட்டுடறேன். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அவர் சொன்னதில் பொய்யில்லை. பேனாவை எடுத்தேன். ஆனால் அறியாமை என்ற சொல்லை என்னால் தாண்ட முடியவில்லை. பட்டணத்து மேஜையில் சிரித்தவர்களும் என்னைப் பற்றி அதைத்தானே நினைத்தார்கள்? அதற்குக் கீழே நானே கையெழுத்துப் போட வேண்டுமாம்.

“கடைசி வரிய குறுக்க அடிச்சிக் குடுத்துடறேங்க சார்” என்றேன். “மேல இருக்கறது நிக்கட்டும். அது தெரிஞ்சேதான் எழுதனது.”

“கேஸ் ஆனா வேலை போயிடும்மா.”

“இன்னும் வேலையே வரலீங்களே.”

மனுவை வாங்கி, சாலை மறியல் வரியைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். மன்னிப்புத் தாளை அவர் பக்கமே திருப்பி வைத்தேன். அவர் அந்தத் தாளை ஓரமாக நகர்த்தினார். கோப்பைக் கட்டிக்கொண்டே, “போங்க” என்றார். கேஸ் உண்டா இல்லையா என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு

டிவி பெட்டி மூன்று வாரம் பூட்டியே கிடந்தது. பிறகு திறந்தது. தலைவர் வீட்டம்மாளின் ரேகையும் அந்த மனுவில் இருந்தது என்ற விஷயம் அவருக்குத் தாமதமாகத்தான் தெரிந்ததாம். முனியம்மா மறுபடியும் துடைப்பத்தோடு வந்தாள். எங்கள் அறையில் சிலர் சிரித்தார்கள், அதை மறைக்க மாட்டேன். திரும்பி என்னைப் பார்ப்பது மட்டும் நின்றுபோயிற்று.

நான் நோட்டை விடவில்லை. நாடகங்களைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுத ஆரம்பித்தேன். இந்த முறை சரியான முகவரிக்கு அனுப்பினேன். முதலில் போனவை எல்லாம் திரும்பி வந்தன. மறுபடியும் எழுதினேன்.

அடுத்த சில வருஷங்களில் ஒதுக்கீட்டில் எங்களைப் போன்றவர்களுக்கென்று ஒரு பிரிவு வந்தது. எழுத்துத் தேர்வும் டைப்பிங்கும்தான். மெஷின் யாருடைய பேச்சையும் கேட்டுச் சிரிக்காது. தேர்வானேன். வேலைக்கு எடுக்கும் முன் போலீஸ் விசாரணை உண்டு என்று கடிதம் வந்தது. அந்தக் கோப்பு என்ன ஆயிற்று என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஒரு காலையில் காவலர் ஒருவர் தெருவில் வந்து நின்றார். எங்கள் வீட்டுக்கு வராமல், முறைப்படி எதிர்வீட்டில் விசாரித்தார். அத்தை முறத்தோடு வாசலில் இருந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“இந்த முனியம்மாள்ங்கற பொண்ணு எப்படி? கேஸ், புகார் ஏதாவது உண்டா?”

“புகார் கீதுங்க” என்றாள் அத்தை.

காவலர் பேனாவைத் திறந்தார்.

“அவ மேல இல்ல. அவ குடுத்த புகாரு. நாங்க நாப்பத்திமூணு பேரு ரேகை வெச்சிக்கீறோம். வருஷம் எத்தினியோ ஆச்சி, இன்னும் பதில் வரல. அதையும் எழுதிக்கோங்க.”